‘எங்க டாக்டரே இல்லை’ என்றார்கள். குன்றத்து முருகன் விடவில்லை

கட்டுப் போடும் அறைக்குள் என்னைத் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். என் பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டமே நின்று கத்திக்கொண்டிருந்தது. "அந்தப் பொண்ண வெளிய அனுப்புங்கய்யா" என்று ஒரு ஆண் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. அந்தப் பெண் நான்தான்.

திருப்பரங்குன்றத்து முருகனை நம்பி வாழும் அன்பர்களே, இது போன வருடம் ஆடி மாதத்தில் எனக்கு நடந்தது. நான் எழுதிப் பழகியவள் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் ஹேமா. திருநகரில் வீடு. நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா சிம்மக்கல்லில் நோட்டு, பேனா மொத்த வியாபாரம் செய்கிறார். இங்கே மருத்துவ சீட் கிடைக்காததால் நான் பிலிப்பைன்ஸ் போய்ப் படித்தேன். திரும்பி வந்து, வெளிநாட்டில் படித்தவர்கள் எழுத வேண்டிய தேர்வை எழுதிப் பாஸ் செய்தேன். ஆனால் அதோடு டாக்டர் ஆகிவிட முடியாது. ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்க்க வேண்டும். அதற்கு இடம் ஒதுக்குவார்கள் என்று காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன.

சும்மா இருந்தால் படித்தது மறந்துவிடும் என்று ஊருக்கு வெளியே உள்ள ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் அப்சர்வராகச் சேர்ந்தேன். அப்சர்வர் என்றால் பார்த்துக் கற்றுக்கொள்பவர். அவ்வளவுதான். அங்கே மேற்படிப்புப் படிக்கும் டாக்டர்களுக்கு வளாகத்திலேயே அறை உண்டு, சம்பளம் உண்டு, வார்டில் அதிகாரம் உண்டு. அவர்களுக்குக் கீழே ஹவுஸ் சர்ஜன்கள். நான் அந்த வரிசையில் எங்குமே இல்லை. காலையில் பஸ் பிடித்துப் போய், சாயங்காலம் பஸ் பிடித்துத் திரும்பி வருபவள். நோயாளியிடம் பேசலாம், நோயின் விவரம் கேட்கலாம், நாடி பார்க்கலாம். அதற்கு மேல் மருந்தையோ ஊசியையோ கையால் தொடக்கூடாது.

தொடக்கூடாது என்பது சட்டம். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர்கள் என்னை நடத்திய விதத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை.

யூனிட்டின் தலைமை மருத்துவரை எல்லோரும் சீஃப் என்பார்கள். காலை ரவுண்ட்ஸில் அவர் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஃபாரின் என்ன சொல்லுது?" என்று கேட்பார். உடனே எல்லோரும் சிரிப்பார்கள். பதில் சரியாக இருந்தால் அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். தவறாக இருந்தால் அங்கேயே நின்று, நோயாளியின் முன்னாலேயே, "காசு குடுத்து வாங்குன பட்டம் இப்படித்தான் பேசும்" என்பார். அருண் என்று ஒரு மேற்படிப்பு மாணவர். என்னைவிட ஒரு வயது சின்னவர்தான் இருப்பார். டாக்டர்கள் அறையில் நான் உட்கார்ந்தால், "இது ட்யூட்டி டாக்டர்ஸ் உக்கார்ற எடம்" என்று எழுப்பிவிடுவார். வார்டு பொறுப்பில் இருந்த ரோஸ்லின் சிஸ்டர் அதைவிட மோசம். நான் எங்கே நின்றாலும் வழியை மறிக்கிறேன் என்பார். "ஏம்மா, நீ வேடிக்கை பாக்கத்தான வந்திருக்க, சுவரோரமா நின்னு பாரு" என்று ஒருநாள் வார்டே கேட்கும்படி சொன்னார்.

வீட்டில் இதை எல்லாம் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் குன்றம் தெரியும். கையெடுத்துக் கும்பிட்டு, "முருகா, இவங்கள நீயே பாத்துக்கோ" என்பேன். நல்ல அர்த்தத்தில் சொல்லவில்லை என்று உங்களுக்குப் புரியும்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

செல்வராணி என்று ஒரு பெண். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். காட்டு வேலையில் காலில் முள் குத்திச் சீழ் வைத்துச் சேர்ந்திருந்தார். அன்று மதியம் அவருக்கு ஒரு புதிய மருந்தை ட்ரிப்ஸில் கலந்து போடச் சொல்லி அருண் எழுதியிருந்தார். ஒரு நர்ஸ் வந்து மாட்டிவிட்டுப் போனார். கணவர் மாரிச்சாமி டீ குடிக்கப் போயிருந்தார். நான் பக்கத்தில் நின்று செல்வராணியிடம் முள் குத்திய கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகப் பேசுவார். என்னை அந்த வார்டில் ‘டாக்டரம்மா’ என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

பேச்சின் நடுவில் உள்ளங்கையைச் சொறிந்தார். பிறகு கழுத்தைச் சொறிந்தார். "தொண்டைய என்னமோ அடைக்குது டாக்டரம்மா" என்றார். குரல் மாறியிருந்தது. உதடு என் கண் முன்னாலேயே வீங்கியது.

மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. உடனே பார்க்கவில்லை என்றால் உயிர் போய்விடும். இது எனக்குத் தெரியும். பக்கத்து அறைக்கு ஓடினேன். அருண் போனில் இருந்தார்.

"சார், செல்வராணிக்கு அலர்ஜி. உடனே வாங்க."

"போங்க மேடம். எல்லாத்துக்கும் பதறாதீங்க. வாரேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. திரும்பி ஓடி வந்தேன். செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டார். நாடி மெலிந்துகொண்டே போனது. நான் ட்ரிப்ஸ் குழாயை மூடினேன். தொடக்கூடாததைத் தொட்டுவிட்டேன். ரோஸ்லின் சிஸ்டரைப் பார்த்து, "சிஸ்டர், அட்ரினலின் போடுங்க" என்று கத்தினேன்.

"ஆர்டர் யாரு குடுத்தது? உன் பேச்சுக்கு நான் ஊசி போட முடியுமா?"

"போடலன்னா செத்துருவாங்க சிஸ்டர்."

அவர் என்னை முறைத்தார். பிறகு செல்வராணியின் முகத்தைப் பார்த்தார். போய் மருந்தை எடுத்து வந்து தொடையில் குத்தினார். அதற்குள் செல்வராணிக்கு மூச்சு நின்றிருந்தது. நாடியும் கிடைக்கவில்லை. நான் கட்டில் மேல் ஏறி நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். அப்போதுதான் மாரிச்சாமி டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். யாரோ ஒரு பெண் தன் மனைவியின் மேல் ஏறி நெஞ்சில் குத்துவதுதான் அவர் கண்ணில் பட்டது.

பிறகு அருண் வந்தார். எல்லோரும் வந்தார்கள். என்னைப் பிடித்து இழுத்துவிட்டு அவர்களே சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். இதயம் திரும்பத் துடித்தது. மூச்சுக் குழாய் வைத்து ஐ.சி.யு.வுக்குக் கொண்டு போனார்கள். நினைவு மட்டும் வரவில்லை.

"என்ன பண்ணுனீங்க எம்பொண்டாட்டிய?" என்று மாரிச்சாமி அருணின் சட்டையைப் பிடித்தார். அருண் கையை நீட்டி என்னைக் காட்டினார். "அவங்கதான் ட்ரிப்ஸ்ல கைய வெச்சாங்க. எங்களக் கேக்காம."

சீஃப் வந்தார். செல்வராணியின் சொந்தக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அவங்க எங்க டாக்டரே இல்லை. ட்ரெய்னிங்னு வெளிய இருந்து வர்ற பொண்ணு. நாங்க நடவடிக்கை எடுப்போம்" என்றார். அவ்வளவுதான். கூட்டம் என் பக்கம் திரும்பியது. செக்யூரிட்டி என்னை அந்த அறைக்குள் தள்ளிப் பூட்டினார்.

அன்பர்களே, எத்தனையோ பாட்டு எனக்கு மனப்பாடம். அந்த அறையில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "முருகா, என்னக் காப்பாத்து" என்றுதான் முதலில் சொன்னேன். கதவைக் கல்லால் அடித்தார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அப்போது என் மணிக்கட்டில் வலித்தது. பார்த்தேன். செல்வராணி பிடித்த இடத்தில் நகம் பதிந்து சிவந்திருந்தது. அந்தப் பெண் எவ்வளவு பயந்திருந்தால் அப்படிப் பிடித்திருப்பார். எனக்கு அழுகை வந்தது. "முருகா, அந்தம்மா சாகக் கூடாது. அவங்க கண்ணத் தொறக்கணும். வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றேன். அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கொஞ்சம் அடங்கிய பிறகு சீஃப் உள்ளே வந்தார். கூடவே அருணும் ரோஸ்லின் சிஸ்டரும் வந்தார்கள்.

"அனுமதி இல்லாம ட்ரிப்ஸத் தொட்டேன், அதனாலதான் இப்படி ஆச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. விஷயத்த இதோட முடிச்சுக்கறேன்" என்றார் சீஃப்.

"அது உண்மை இல்லையே சார். தொட்டது உண்மை. அதனால ஆகல."

"உனக்கு டாக்டர் ரிஜிஸ்டர் நம்பர் கிடையாது. பேஷன்ட் மேல கைய வெச்சிருக்க. நான் போலீஸ்ல குடுத்தா உன் வாழ்நாள்ல நீ ஸ்டெத்தக் கையால தொட முடியாது. புரியுதா?"

ரோஸ்லின் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் இயல்பிலேயே பயந்தவள். அன்று, "நான் எழுதித் தர மாட்டேன் சார்" என்று சொன்னேன். அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஒரே ஒரு பதில்தான் தெரிகிறது.

"ரெண்டு நாள் டைம் தாரேன். அப்பனக் கேட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். துணி வெளுக்கும் பக்கமாக என்னைப் பின் வாசல் வழியே அனுப்பினார்கள்.

வீட்டிலும் எனக்கு இடம் இல்லை. எங்கள் வீட்டில் சௌராஷ்டிரத்தில்தான் பேசிக்கொள்வோம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அப்பா கேட்டார்: "தொடாதேன்னு சொன்னா தொடாம இருக்க வேண்டியதுதானே? உனக்கு என்ன அவசரம்?"

"அவங்க செத்துட்டு இருந்தாங்கப்பா."

"செத்திருந்தா அது ஆஸ்பத்திரி பொறுப்பு. இப்ப எல்லாம் உன் தலையில விழுந்திருச்சு."

அம்மா, "எழுதிக் குடுத்துட்டு வந்துரும்மா, நமக்கு எதுக்கு வம்பு" என்று அழுதார். என் சித்தப்பா போன் செய்து, பேரு கெட்டுப்போனால் கல்யாணம் எப்படி நடக்கும் என்று கேட்டார். செல்வராணி எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நான் கேட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் விடிந்ததும் நானும் அம்மாவும் குன்றத்துக்குப் போனோம். ஆடிச் செவ்வாய். நல்ல கூட்டம். மலையைக் குடைந்த அந்தச் சன்னதிக்குள் போக வெகுநேரம் ஆனது. நம் குன்றத்தில் அபிஷேகம் வேலுக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பால் வழிந்துகொண்டிருந்த அந்த வேலைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். கும்பிட்டுக்கொண்டே சண்டை போட்டேன். "நீ பாத்துக்கோன்னுதான தினமும் சொன்னேன். இதையா பாத்துக்கிட்ட? அந்த அருண் நல்லா இருக்கான், அந்த சீஃப் நல்லா இருக்கான், முள்ளு குத்துனவ சாகக் கெடக்கிறா. எனக்கு நியாயம் பண்ண வேண்டாம். அவளுக்கு உயிரக் குடு. குடுக்கலன்னா இந்த வாசலுக்கு நான் வர மாட்டேன்."

அம்மா என் உதடு அசைவதைப் பார்த்து, "என்னடி வேண்டிக்கிட்ட?" என்றார். குருக்கள் விபூதி கொடுத்தார். வாங்கிப் பூசிக்கொண்டேன். மனதில் சமாதானம் ஒன்றும் வரவில்லை. வெயிலில் நடந்து வந்து பஸ் ஏறினோம்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மறுநாள்தான் கெடு. அப்பா கடைக்குப் போகவில்லை. ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து மேஜையில் வைத்தார். "எழுது. நானே கொண்டு போய்க் குடுத்துட்டு வாரேன்" என்றார். நான் முடியாது என்றேன். அவர் கை ஓங்கினார். என் வாழ்க்கையில் அப்பா என்மேல் கை ஓங்கியது அன்று ஒருநாள்தான்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கதவைத் திறந்து ஏழெட்டு ஆண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவரை உடனே அடையாளம் தெரிந்தது. மாரிச்சாமி.

அம்மா என்னை உள்ளே இழுத்தார். ஓங்கிய கையை இறக்கிவிட்டு அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். சற்றுமுன் அடிக்க வந்தவர்தான். இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அவ வெளிய வர மாட்டா. எதுவா இருந்தாலும் எங்கிட்டப் பேசுங்க" என்றார்.

"அண்ணே, சண்டைக்கு வல்ல" என்றார் மாரிச்சாமி. "எம்பொண்டாட்டி முழிச்சிட்டா. குழாய எடுத்து விட்டதும் கேட்ட மொத ஆளு ஒங்க பொண்ணுதான். செக்யூரிட்டிட்ட வீட்டக் கேட்டுக்கிட்டு வாரோம். கூட்டிட்டு வாரேன்னு சொல்லிப்புட்டேன். கூட்டிட்டுப் போகாட்டி என்னையத் தின்னுப்புடுவா."

செல்வராணி கண்ணைத் திறந்துவிட்டார். நான் கேட்டது அது ஒன்றுதான்.

அப்பாவும் நானும் அந்த வேனிலேயே போனோம். வழியில் மாரிச்சாமி என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு ஒன்னைய அடிக்கத்தாம்மா நின்னேன். கையில கல்லு வெச்சிருந்தேன். நீ வெளிய வந்திருந்தா போட்டிருப்பேன்." மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை.

ஐ.சி.யு. வாசலில் சீஃப் வேகமாக வந்தார். அருணும் பின்னால் வந்தார். "இவங்க உள்ள வரக் கூடாது" என்றார் சீஃப்.

"வருவாங்க" என்றார் மாரிச்சாமி. அவருடைய மச்சினனும் மற்றவர்களும் பின்னால் வந்து நின்றார்கள். இரண்டு நாளைக்கு முன்னால் என்னைக் கேட்டு நின்ற அதே கூட்டம். சீஃப் வழிவிட்டார்.

செல்வராணியின் குரல் கம்மியிருந்தது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. "தொண்டைய அடைக்குதுன்னதும் டியூப்ப மூடுனது இந்தப் புள்ளதான். அதுக்கு முன்னாடியே ஓடிப் போயி டாக்டர் தம்பியக் கூப்புட்டுச்சு. அந்தத் தம்பி, பதறாதீங்கன்னு உள்ள இருந்தே சொன்னாரு. எங்காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறந்தான் எனக்குக் கண்ணு இருட்டிருச்சு."

சீஃப் உடனே, "மயக்கத்துல இருந்தவங்க. ஞாபகம் முன்னப்பின்ன இருக்கும். இதெல்லாம் கணக்குல எடுக்க முடியாது" என்றார். அருண் தலையை ஆட்டினார். எனக்கு மறுபடி நம்பிக்கை போனது. செல்வராணி பிழைத்துவிட்டார், அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கதவோரத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. "ஞாபகம் சரியாத்தான் சார் இருக்கு."

ரோஸ்லின் சிஸ்டர். அவர் எப்போது வந்து நின்றார் என்று நான் கவனிக்கவில்லை. "ஊசி போட்டது நான். அருண் சார் ஆர்டர் குடுக்கல, அவர் அப்ப வரவே இல்ல. இந்தப் பொண்ணு சொல்லித்தான் போட்டேன். இது சொல்லலன்னா இந்தம்மா இன்னைக்கு இல்ல. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"சிஸ்டர், யோசிச்சுப் பேசுங்க" என்றார் சீஃப்.

"ரெண்டு நாளா அதத்தான் சார் யோசிச்சேன்."

சீஃப், "சரி, பேஷன்ட் நல்லா இருக்காங்க. அதுதான் முக்கியம். எல்லாரும் கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அதற்குப் பிறகு போலீஸ் பேச்சும் இல்லை, கையெழுத்துப் பேச்சும் இல்லை.

நான் ரோஸ்லின் சிஸ்டரிடம் போய் நன்றி சொன்னேன். அவர், "நான் ஒனக்காகச் சொல்லல. என் கை போட்ட ஊசி அது. சரி சரி, போ, வழிய மறிக்காத" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் அப்படித்தான்.

அப்பா அன்று வீட்டுக்கு வந்து, மேஜையில் இருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாப்பிடும்போது, "நல்ல வேளை தொட்டே" என்றார்.

அந்த மருத்துவமனை என்னிடம் வருத்தம் தெரிவிக்கவே இல்லை. அருண் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று கேள்வி. அவரையும் சீஃபையும் மனதார மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அது பொய். அந்த வளாகத்தை பஸ் கடக்கும்போது இன்றும் எனக்கு வாய் கசக்கிறது. முருகன் அதையும் ஒருநாள் எடுத்துவிடுவான் என்று நம்புகிறேன். இன்னும் எடுக்கவில்லை.

ஐப்பசியில் எனக்கு ஹவுஸ் சர்ஜன் இடம் வந்தது, ஒரு அரசு மருத்துவமனையில். முதல் நாள் ஒரு நோயாளிக்கு என் கையால் ஊசி போட்டபோது, மனதுக்குள் முருகன் பெயரைச் சொல்லித்தான் போட்டேன். இன்று வரை அப்படித்தான். முன்பு இருந்த பயம் இப்போது இல்லை. நோயாளி ஒன்று சொன்னால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போகிறேன். வெளிநாட்டில் படித்துவிட்டு எங்கள் வார்டுக்குப் பார்க்க வருகிறவர்களை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

செல்வராணி அவ்வப்போது போன் செய்வார். அவருடைய மகள் பிளஸ் டூ படிக்கிறாளாம், டாக்டருக்குப் படிக்க ஆசையாம். "ஒங்கள மாதிரி ஆவணும்ங்கிறா" என்றார். "நல்லா யோசிச்சுட்டு சேத்து விடுங்கக்கா" என்றேன். இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

அன்பர்களே, எல்லோரும் உங்களுக்கு எதிராக நிற்கும் ஒரு நாள் உங்களுக்கும் வரலாம். வேலை செய்யும் இடம் கைவிடும். பெற்றவர்களே பயந்து பின்வாங்குவார்கள். அன்றைக்கு அழகான வார்த்தை தேடாதீர்கள். பாட்டு வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே அவன் முன்னால் போய் நில்லுங்கள். சண்டை போட்டுத்தான் நான் கேட்டேன். அவன் என்மேல் கோபித்துக்கொள்ளவில்லை. உங்கள் பெயரைக் காப்பாற்றச் சொல்வதற்கு முன்னால், உங்கள் கையைப் பிடித்திருக்கும் இன்னொரு உயிரைக் காப்பாற்றச் சொல்லிப் பாருங்கள். அதை அவன் நிச்சயம் கேட்பான்.